பத்துக்கு இரண்டு குறைவு

சங்கமித்ரா எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் இரண்டு மார்க்கில் கோட்டை விட்டவள். அன்றோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டாள். முப்பத்தெட்டு வயதில் அதே இரண்டு மார்க் மறுபடியும் வந்து வழியை மறிக்கும் என்று யார் கண்டது?

வீடு பெங்களூர் அல்சூரில். வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி வேலை. ஆறு வருஷமாக லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தின்கிற வியாதி. அவளுக்குத் தோலில் பிடித்தது. கன்னமும் காதும் வெந்து, வெளுத்து, தழும்பாயின. உச்சந்தலையில் முடி கொத்துக் கொத்தாகப் போனது. வெயில்தான் இதற்கு எமன். மேற்பார்வையாளர் கிருஷ்ணப்பாவிடம் மல்லுக்கு நின்று பேஸ்மென்ட் டியூட்டி வாங்கியிருந்தாள்.

மாத்திரைகள் எதற்கும் வியாதி மசியவில்லை. ஆஸ்பத்திரியில் புது ஊசி ஒன்றைச் சோதிக்க ஆள் எடுத்தார்கள். அதுவும் இல்லையென்றால் மிச்ச முகமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் அதிதி அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, நெற்றி, மூக்கு, காது, மார்பு என்று இடம் இடமாகப் பார்த்து, சிவப்புக்கு இத்தனை, செதிலுக்கு இத்தனை என்று மார்க் போட்டார்.

“எட்டுதான் வருது. பத்து இருந்தாத்தான் சேர்த்துக்க முடியும்.”

“இந்தத் தழும்பு, சொட்டை எல்லாம் கணக்குல வராதா மேடம்?”

“அது வேற ஸ்கோர்மா. அதுல உங்களுக்கு இருபத்தொண்ணு. ஆனா அது ஆறிப்போனது. இப்போ எவ்வளவு எரியுதோ, அதுதான் இதுக்குக் கணக்கு. மூணு வாரம் கழிச்சு வாங்க, திரும்பப் பாக்கலாம்.”

ஆறிப்போனதாம்! பாதி முகமே போயிருக்கிறது, அதற்கு மார்க் கிடையாதாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கிருஷ்ணப்பாவிடம் போய் நின்றாள். “சார், மெயின் கேட்ல போடுங்க.”

“ஏனம்மா, தலை கெட்டுப்போச்சா? வெயில் ஆகாதுன்னு என் உயிரை எடுத்தியே!”

“இப்ப பரவால்ல சார்.”

தொப்பியைக் கழற்றிவிட்டு, வெயிலுக்குப் பூசும் களிம்பைத் தடவாமல், பன்னிரண்டு நாள் நடுப்பகலில் கேட்டில் நின்றாள். கன்னம் நெருப்பாய் எரிந்தது. கார்களின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள் பாவி. கால் வீங்கியதை, நின்றதால் வந்த வீக்கம் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் வாரம் மார்க் பதிமூன்று வந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாம் நாளே டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

“வெயில்ல நின்னீங்களா?”

“பன்னெண்டு நாள் மேடம்,” என்றாள் சங்கமித்ரா.

“வெயில் தோலோட நிக்காதும்மா, உள்ளேயும் கிளப்பிவிட்டுடும். சிறுநீர்ல புரோட்டீன் கொட்டுது. கிட்னியைப் பிடிச்சிருக்கு. இன்னைக்கே அட்மிட் ஆகணும். கிட்னி பாதிச்சவங்களை அந்த ஊசிக்கு எடுக்க மாட்டாங்க.”

டாக்டர் மார்க் எழுதிய ஃபாரத்தின் குறுக்கே கோடு இழுத்தார். சங்கமித்ரா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆனா, பதிமூணு இருக்குல்ல மேடம்?” என்றாள்.