விஜயதசமியன்று புறப்பட்ட கரத்தை

தேங்காய் எண்ணெய் மணம் மூக்கில் ஏறினால் நான் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். தலைக்கு எண்ணெய் வைக்காத பெண்ணா என்று உறவுக்காரர் கேலி செய்வார்கள், நானும் சிரித்துச் சமாளிப்பேன். எல்லாவற்றுக்கும் காரணம் என் அப்பா செய்த ஒரு "கரத்தை", அதாவது தள்ளுவண்டிதான்.

திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் வெல்டிங் பட்டறை இருந்தது. கரையில் ஏற்றிய படகுகளுக்கு ஒட்டு வேலை வந்தால், கறுப்பு ஒட்சிசன் சிலிண்டரையும் மெரூன் நிறக் காஸ் சிலிண்டரையும் ஒவ்வொன்றாகச் சரித்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டே கடற்கரை வரை போவார். ஒருநாள் ஒழுங்கையில் கறுப்புச் சிலிண்டர் கைநழுவி விழுந்த சத்தத்தில் அயலவர்கள் எல்லாம் ஷெல் குண்டு என்று நினைத்து நிலத்தில் படுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலை அறுத்துச் சட்டமாக்கி, மோட்டார் சைக்கிள் சக்கரங்கள் இரண்டைப் பூட்டி, சிலிண்டர்கள் சாயாதபடி நங்கூரச் சங்கிலியால் இடுப்புக்கட்டும் போட்டுக் கரத்தையைச் செய்தார். "எண்ணெய்க் கையோட கறுப்புச் சிலிண்டருக்குக் கிட்டப் போகாதேங்கோ. நெருப்பெண்டால் புகைஞ்சு சொல்லிப்போட்டு வரும், இதில எண்ணெய் பட்டால் சொல்லாமல் வெடிக்கும்" என்பது பட்டறைக்குள் கால் வைக்கிற எவருக்கும் அவர் ஓதுகிற மந்திரம். அம்மாவுக்கு மட்டும் அவர் அதை ஓதவில்லை, ஏனென்றால் அம்மா பட்டறைக்குள் வருவது ஆயுத பூசைக்கு மட்டும்தான்.

அந்த வருடப் பூசைக்குப் புதுக் கரத்தை சந்தனமும் குங்குமமும் செவ்வரத்தம் பூமாலையுமாக மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. மறுநாள் விஜயதசமி. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அப்பா முதல் வேலைக்குப் புறப்பட்டார்.

அவர் போன பிறகு குசினியில் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "நேற்று அந்தக் கறுப்புச் சிலிண்டரின்ர மூடியைக் கழற்றிப் பார்த்தனான், உள்ளுக்குப் பித்தளை கறுத்துப்போய்க் கிடந்தது. புளி போட்டுத் தேய்ச்சு, தேங்காய் எண்ணெயும் பூசிவிட்டனான். இந்த விளக்கு மாதிரி மினுங்குது" என்று பெருமையாகச் சொன்னார். அப்பாவின் மந்திரத்தை நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தபோது அம்மாவின் கையிலிருந்த விளக்கு கீழே விழுந்தது.

அது சண்டைக் காலம். கடற்கரைக்குப் போகும் வழியில் "சென்றி" என்கிற இராணுவக் காவலரண் ஒன்று இருந்தது. சிலிண்டரைக் குண்டு என்று ஆமிக்காரர் சந்தேகப்படக்கூடாதென்று, அப்பா ஒவ்வொரு முறையும் அங்கே மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் பித்தளை வால்வைக் கொஞ்சம் திருகி, "புஸ்" என்று காற்று வருவதைக் காட்டிவிட்டுத்தான் போவார். அந்த "புஸ்" இன்றைக்கு என்னவாகும் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது.

நான் வாசலைத் தாண்டி ஓடத் தொடங்கினேன். அந்த அவசரத்திலும் சென்றியில் காட்ட வேண்டிய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்த அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஓடாதை! சென்றிக்கு நேரே ஓடினால் சுடுவாங்கள். நட." நடந்தோம். கோயிலுக்குப் போகிறவர்களைப் போல, கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். அம்மாவின் விரல்கள் வியர்வையில் வழுக்கின, என் காதுகள் ஒரு வெடிச் சத்தத்துக்காகவே காத்திருந்தன. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை.

பூமாலை போட்ட கரத்தையை அதுவரை கண்டிராத ஆமிக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அப்பா இன்னும் சென்றியிலேயே நின்றார். மூடி அப்போதுதான் கழன்றிருந்தது. ஒருவன் துவக்குக் குழலின் நுனியால் வால்வைக் காட்ட, அப்பாவின் கை அதன் மேல் போனது.

"இஞ்சாருங்கோ," என்றார் அம்மா, சந்தைக்குப் போகும் வழியில் கண்டவரைப் போல மெல்லிய குரலில். "அதில நான் எண்ணெய் பூசிப்போட்டன்."

அப்பா வால்விலிருந்து கையை மெதுவாக எடுத்தார். வெடிக்கும் என்ற சொல்லைச் சென்றியில் வாய்விட்டுச் சொல்ல ஏலாது. அதனால் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "தெல், மாத்தையா, தெல்", எண்ணெய் ஐயா எண்ணெய், என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆமிக்காரன் விரலால் தொட்டு மணந்து பார்த்தான். எண்ணெய்தான் என்று கண்டதும், திறந்து காட்டச் சொல்லாமலே திரும்பிப் போகும்படி கையைக் காட்டினான்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் கரத்தையை நிறுத்திவிட்டு, அப்பா அதன் கைப்பிடியை விட முடியாமல் நின்றார். அம்மா ஒவ்வொரு விரலாக விலக்கி எடுத்தார்.

இப்போது அந்தச் சென்றி இருந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்கிறார். கரத்தை பழைய இரும்போடு போயிற்று. அப்பாவும் வயதாகி, நோயில் படுத்து, சொந்தக் கட்டிலில்தான் கண்ணை மூடினார். போன மாதம் என் மகன் சைக்கிளோடு சந்தியில் விழுந்து அலறியபோது அயலெல்லாம் ஓடியது. முழங்காலில் இரத்தத்தோடு இருந்த அவன் என்னைக் கண்டதும், "ஏன் அம்மா நீங்கள் மட்டும் ஓடி வரேல்லை?" என்று கேட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். எழுபது வயது கடந்த என் அம்மா, கையில் அடையாள அட்டையோடு, எனக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்.