ஆறரை மணித் தாயம்

எங்கள் தாயம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு. மாடு கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு போனோடு உட்காருவேன். எனக்கு ஆறரை என்றால் ஆஸ்திரேலியாவில் மகளுக்குப் பகல் பதினொன்று. அமெரிக்காவில் மகனுக்குச் சனிக்கிழமையே இன்னும் முடிந்திருக்காது, இரவு எட்டு. மூன்று பேருக்கும் தோதான நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்தது நான். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மணி பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

போனில் ஆடும் அந்த ஆட்டத்துக்கு லூடோ என்று பேர். எனக்கு அது தாயம்தான். நான் மஞ்சள், மகன் சிவப்பு, மகள் நீலம். பச்சை, இறந்துபோன அவர்கள் அப்பாவுக்கென்று விட்டது. அந்த மூலையை யாரும் எடுப்பதில்லை.

ஆட்டத்தின் மேல் எனக்கு அப்படி ஒன்றும் ஆசை கிடையாது. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை, அதற்காகத்தான் ஆடினேன். மாசியில் அவர் இறந்தபோது மகள் லீவில் இங்கே வந்திருந்தாள். மகன் விமானம் பிடித்து வருவதற்குள் எடுத்துவிட்டோம். அரை நாள் பிந்திவிட்டான். கொள்ளி வைத்தது என் கொழுந்தனார் மகன். வந்தவன் வாசலிலேயே தங்கையைப் பார்த்து, "எனக்காக அரை நாள் வெக்க முடியலையா உனக்கு?" என்றான். அவள் உள்ளே போய்விட்டாள். அதோடு நின்றது பேச்சு.

வைகாசியில் இந்த ஆட்டத்தைத் தொடங்கினேன். ஆடும்போது ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும். அவன் காய் வெட்டுப்பட்டால், "உங்க மக வெட்டிப்போட்டாளுங்கம்மா" என்பான் என்னிடம். "வெட்டாம கும்புடவாங்கம்மா?" என்பாள் அவளும் என்னிடம். நடுவில் நான் இருந்தால்தான் பேச்சு. அதுவே போதும் என்றிருந்தேன்.

புரட்டாசியில் ஒருநாள் மகள் சொன்னாள், அவர்கள் நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்களாம். இனி அவளுக்குப் பதினொன்று இல்லை, பன்னிரண்டு. எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஞாயிறு எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை.

"எமகண்டத்துல உக்காந்து உருட்டோணுமா அம்மணி? வேண்டாம். அஞ்சரைக்கு வெச்சுக்கலாம்."

"அது உங்கூர்க் காலண்டருங்கம்மா. எமனுக்கு இங்க விசா குடுக்க மாட்டாங்க."

"உங்கொப்பன்கிட்ட வர்றப்ப அவன் விசா கேட்டா வந்தான்?"

"செரிங்கம்மா. அஞ்சரையே இருக்கட்டும்."

அண்ணனுக்கு அவள் சொல்லமாட்டாள். நான்தான் போனில் பொத்தானை அழுத்திப் பிடித்து, "சாமி, இனி அஞ்சரை" என்று பேசி அனுப்பினேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு ஐந்தரைக்கு நீலம் வந்தது. சிவப்பு வரவில்லை. கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் இரண்டு பேரும் வெறுமனே உட்கார்ந்திருந்தோம்.

"எடுக்க மாட்டாருங்கம்மா. நான் இருக்கறேன்னு தெரியுமல்லங்க. அரை நாள் காத்திருக்கலைன்னு கேட்டாரு. நான் அரை மணி நேரம் காத்திருந்தேன்னு சொல்லிப்போடுங்க. இனி என்னையக் கூப்புடாதீங்க."

போய்விட்டாள். ஆறரைக்கு, சொல்லிவைத்தது போல மகன் வந்தான். குழந்தையை நீச்சலுக்குக் கூட்டிப் போயிருந்தானாம், போன் காரிலேயே இருந்துவிட்டதாம்.

"ஏனுங்கம்மா, உங்க மகளக் காணம்?"

போனில் அவனுக்குச் சேதி அனுப்பும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியாக நான் அனுப்பியது போன வாரத்துக் கன்றுக்குட்டி படம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. விரல் நழுவியிருக்கிறது.

"அவளுக்கு வேல, சாமி" என்றேன்.

"வேலையெல்லாம் இல்லீங்க. நான் இருக்கறதுனால வரல. உடுங்க."

இரண்டு ஞாயிறு ஆட்டம் இல்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். எங்கள் பந்துக்களில் கல்யாணமோ சீரோ எதுவானாலும் நேரம் குறிக்க என்னைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவள் நேரத்தைக் கோட்டைவிட்டேன் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? சும்மா இருக்கிற ஒவ்வொரு நாளும் வேறொன்றும் சேர்ந்து கனத்தது. இதற்கு முன்பும் ஒருமுறை நேரம் குறித்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு இருவரையும் ஆறரைக்கு வரச்சொன்னேன். மகளுக்கு அது எமகண்டம்தான். வந்தார்கள். யாரும் உருட்டவில்லை.

"அஞ்சரைன்னு உனக்குச் சொல்லவே இல்ல, சாமி. அனுப்பினேன்னு நெனச்சேன், போகல. அவ வந்து காத்துட்டுத்தான் இருந்தா. அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல" என்றேன்.

நிறுத்தினால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"இன்னொண்ணு. அப்பாவ எடுக்கச் சொன்னது இவ இல்ல. அண்ணன் வரட்டும்னு என்ற காலப் புடிச்சா. விடிஞ்சா சனிக்கிழமை, சனிக்கிழமை எடுத்தா ஊட்டுக்கு ஆகாதுன்னு நான்தான் வெள்ளிக்கிழமை பொழுதோட எடுக்கச் சொன்னேன். நீ இவளக் கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அதெல்லாம் எதுக்குங்கம்மா இப்ப" என்றாள் மகள்.

அடுத்து மகன் பேசினான். என்னிடம் இல்லை.

"அம்மணி, உனக்கு இப்ப மணி என்ன?"

"பன்னெண்டே காலுங்கண்ணா."

"சாப்ட்டியா?"

"இனித்தானுங்க."

"போய்ச் சாப்புடு. நான் அப்பறம் கூப்புடறேன்."

நீலம் போனது, பின்னாலேயே சிவப்பும் போனது. என்னிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மகன் என்னிடம் மறுபடி பேசப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் எனக்கு வேண்டியதுதான்.

இப்போது ஆட்டத்துக்கு நேரம் குறிப்பது அவர்கள் இருவரும். அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாம். போன வாரம் மகளிடமிருந்து சேதி வந்தது, இனி நமக்கு ஏழரை என்று. அங்கே அவளுக்குப் பகல் ஒன்று, எமகண்டம் கழிய இன்னும் அரை மணி இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் ஏழரைக்குப் போய் உட்கார்ந்தேன்.