அமாவாசையன்று ஏறிய தண்ணீர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கறம்பக்குடியில் ஒற்றை மாட்டுவண்டியோடு தொடங்கி, மணமேல்குடி கடற்கரையில் சொந்தமாகக் கருவாட்டுக் களம் போட்டவன். யார் பேச்சையும் கேட்டு முன்னேறவில்லை என்று பீற்றிக்கொள்வேன்.

ஓர் அமாவாசைக் காலை, களத்து மேட்டில் செல்வி என்ற மீனவப் பெண் மீன் காயப்போட்டிருந்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில் விற்று வீட்டை ஓட்டச் சேர்த்த மீன். என் லாரியை நிறுத்த வேண்டும், கீழே மணலுக்கு மாற்று என்றேன்.

“இன்னிக்கு அமாவாசைங்கய்யா, தண்ணி ஏறும்.”

“பௌர்ணமிக்கு ஏறும், எனக்கும் தெரியும். நிலாவே இல்லாத நாள்ல தண்ணியை யாரு இழுப்பா, ஒன் மாமியாளா?”

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் மீனை அள்ளிக் கீழே மணலுக்கு மாற்றினாள். மதியம் கடல் ஏறி எல்லாவற்றையும் அள்ளிப்போனது.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி சொன்னாள்: “நிலா எங்கிட்டும் போயிடலைங்கய்யா. சூரியன் பக்கமாவே நிக்குது, வெளிச்சத்துல நமக்குத் தெரியலை. ரெண்டும் சேர்ந்து இழுக்குறதாலதான் இம்புட்டுத் தண்ணி.”

கேட்டவர்களிடம் கடல் கொண்டுபோய்விட்டது என்றேன். அவளும் தலையாட்டினாள். நாளைக்கும் அவளுக்கு என் களம் வேண்டுமே!

கடல் தன் வழக்கப்படிதான் வந்தது. மீனை அதன் வழியில் போட வைத்தவன் நான். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.