தை மாதத்தில் இலை உருவிய மல்லிகை

ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்களில் நானும் ஒருவன். வந்து சேரும்போது இரண்டு காலிலும் புண். குளத்தூரில் அப்பா விட்டுப்போன கூரை வீடு அப்படியே நின்றது. உள்ளே ஆள் இல்லை. என் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, குன்றாண்டார்கோவிலில் இருக்கும் தன் ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அதற்கு முன்னால் கண்டிச் சீமைக்கு ஒரு தடவை, திருச்சிப் பக்கம் ரயில் பாதை வேலைக்கு ஒரு தடவை என்று நான் சொல்லாமல் கிளம்பியவன். அவள் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

புண் ஆறியதும் நடந்து போய்க் கூப்பிட்டேன். நிலைப்படியில் நின்றே பேசினாள்.

"ஒரு வருசம் ஒரே எடத்துல இருந்து காட்டுங்க. பெறகு வாரேன்."

"இருக்கேன்."

"நீங்க சொல்லி நான் கேக்குறதா இல்ல. தம்பி அங்கிட்டு சந்தைக்கு வருவான்ல, அவன் பாத்து வந்து சொல்லட்டும்."

மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அவளுக்குத் தலையில் பூ இல்லாமல் வெளியே போகப் பிடிக்காது. எங்கள் கொல்லையிலோ எருக்கும் நெருஞ்சியும்தான். அடுத்த வீட்டு வேலிக்கு மேல் எட்டி நந்தியாவட்டை பறித்துக்கொண்டு, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். நடந்து வரும் வழியெல்லாம் அந்தப் பார்வைதான் எனக்கு நினைவில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கடப்பாரை இரவல் வாங்கினேன்.

கீரையோ கத்திரியோ போட்டிருக்கலாம். சீக்கிரம் பலன் தரும், சாப்பிடவும் ஆகும். ஆனால் அதெல்லாம் ஒரு பருவத்தோடு பிடுங்கி எறிந்துவிட்டுக் கிளம்பத் தோதான பயிர். என்னை எனக்குத் தெரியும். வருசக்கணக்கில் நிற்கிற செடியாகத்தான் வைப்பது என்று முடிவு செய்தேன்.

பகலில் ரோட்டுக்குக் கல் உடைக்கும் வேலை. காலையிலும் சாயங்காலமும் கொல்லை. மேலே செம்மண், ஒரு முழம் தோண்டினால் சரளை. குழிகளிலிருந்து எடுத்த சரளையை அடுப்படி வாசலிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் கொட்டி மிதித்துப் பாதையாக்கினேன். மழைக்காலத்தில் அவள் அங்கே வழுக்கி விழுந்திருக்கிறாள். குழிகளுக்குக் கண்மாய் வண்டலைக் கூடையில் சுமந்து வந்து நிரப்பினேன். ஓரத்தில் வேலியாக அரளி, ஆடு வாய் வைக்காது என்பதால். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செம்பருத்தி, சோப்புத் தண்ணீர் படாமல் கொஞ்சம் தள்ளி. அடுப்படிக்கு எட்டிப் பறிக்கிற தூரத்தில் கறிவேப்பிலை. நந்தியாவட்டையைப் பக்கத்து வீட்டிலேயே கேட்டுப் போத்துக் குச்சி வாங்கி, நுனியில் சாணி வைத்து ஊன்றினேன். நடுவில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், மல்லிகைப் பதியன்கள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது அவள் எங்கே நிற்பாள், எங்கே உட்கார்ந்து அரிசி புடைப்பாள் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். அரிசி கிடைக்காத காலம் அது. நான் கேப்பைக் கூழ்தான் குடித்தேன்.

சந்தை நாளில் மச்சினன் வருவான். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கொல்லைக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றுவான். அவனுக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான்.

"என்ன சொன்னா அக்கா?" என்று கேட்பேன்.

"எல தழச்சிருக்குன்னேன். சரின்னுச்சு."

"வேற?"

"வேற என்ன சொல்லும்? அதுக்கு நெல்லு அவிக்கிற வேலை கெடந்துச்சு."

அந்த ஒரு 'சரி'யை வைத்துக்கொண்டு அடுத்த சந்தை வரை ஓட்டுவேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் பிடித்துக்கொண்டது. மல்லிகை புதர்போலத் தழைத்தது. அங்கேதான் சிக்கல். மல்லிகையை அப்படியே விட்டால் இலையாகத்தான் போகும். தை மாதத்தில் தண்ணீரை நிறுத்தி, இலையை உருவி, நுனியை வெட்டி மொட்டையாக நிறுத்த வேண்டும். வாடிக் கிடந்து பிறகு தண்ணீரைக் கண்டால்தான் மொட்டு விடும். பூந்தோட்டங்களில் கூலிக்குப் போனபோது நானே செய்திருக்கிறேன். ஆனால் மொட்டைக் குச்சியைப் பார்த்துவிட்டு மச்சினன் போய் என்ன சொல்வான்? மார்கழி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன், அவன் கண்ணுக்காக. தை பிறந்தது. இலை இன்னும் பெரிதானதே தவிர, ஒரு மொட்டுக்கூட இல்லை. பச்சையைக் காட்டி அவளை வரவழைத்து, பூ இல்லாத செடியிடம் கொண்டுபோய் நிறுத்துவதா என்று யோசித்தேன். தண்ணீரை நிறுத்தினேன். இலையை ஆடுகளே தின்று தீர்க்கட்டும் என்று, ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்காவைப் போய்க் கூப்பிட்டேன்.

"வேலி போட்டு ஆட்ட வெரட்டுனீங்க, இப்ப விருந்துக்குக் கூப்புடுறீங்களாக்கும்" என்றார் அவர்.

"எலைய மட்டும் தின்னட்டும்க்கா. பட்டையக் கடிக்காம பாத்துக்கங்க."

"அத ஆட்டுக்கிட்டச் சொல்லுங்க தம்பி."

ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்போதே மச்சினன் வந்துவிட்டான்.

"என்ன மச்சான், ஆட்டுக்கு விட்டுட்டீங்க?"

"பூக்கணும்னா இப்படித்தான் செய்யணும்."

அவன் என்னைப் பார்த்தான், குச்சிகளைப் பார்த்தான், பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். சுவரில் என் பை தொங்கிக்கொண்டிருந்தது. அது எப்போதும் அங்கேதான் தொங்கும். அன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டது.

"எந்த ஊருக்கு இந்தத் தடவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

மாசியில் ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் வண்டி நின்றது. விட்டுப்போயிருந்த அம்மியை எடுத்துப் போக அவளும் தம்பியும் வந்திருந்தார்கள். நான் ஊரைவிட்டே போயிருப்பேன் என்று நினைத்து வந்தவள் என்னைக் கண்டதும் திகைத்தாள்.

"போகலையா நீங்க?"

"எங்க போறது? தண்ணி ஊத்துறது யாரு?"

அவள் கொல்லைக்குப் போனாள். சரளைப் பாதையில் மெதுவாக நடந்தாள். மல்லிகைக் குச்சி ஒன்றைக் குனிந்து நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை. கணுக்களில் சிவந்த துளிர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பட்டுப்போச்சுன்னான் இவன்."

"எலையே இல்லையேக்கா, பெறகு என்னன்னு சொல்றது?" என்றான் அவன்.

"எப்பப் பூக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

"பங்குனிக் கடைசியில."

"பூக்கட்டும், வாரேன்" என்று சொல்லி வண்டியில் ஏறினாள். அம்மி கிடந்த இடத்திலேயே கிடந்தது.

சொன்னபடியே பங்குனிக் கடைசியில் பூத்தது. அவள் வரவில்லை. சாயங்காலம் வேலைவிட்டு வந்தால் வாசம் தெருவிலேயே அடிக்கும். யாருக்குப் பறிப்பது என்று விட்டுவிடுவேன். காலையில் அடியில் கொட்டிக் கிடக்கும். ஒரே நடையாகப் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செம்பருத்தி சாய்ந்துவிடும். நடையே பிழைப்பாக இருந்தவன், நடந்தால் அவளைப் பார்க்கலாம் என்கிற சமயத்தில் குடத்தோடு கிணற்றடிக்கும் கொல்லைக்கும் அலைந்தேன். நான் கடல் தாண்டி இருந்த வருசங்களில் அவள் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்திருப்பாள். நானும் அப்படித்தான் வந்து வந்து பார்த்தேன். வைக்கோல் வண்டியாக இருக்கும், விறகு வண்டியாக இருக்கும்.

சித்திரையில் வேலையில்லாத ஒரு மத்தியானம் வந்த வண்டிக்கு நான் எழுந்து போகவில்லை. அலுத்துப்போயிருந்தது. கொல்லைப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டுப் போனபோது, அவள் மல்லிகைக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாடிய பூவைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்படியா கீழ கொட்ட விடுவாங்க?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"யாருக்குப் பறிக்கிறது?"

அவள் அன்றைய மொட்டுகளை முந்தானையில் பறித்துப் போட ஆரம்பித்தாள். உள்ளே மச்சினன் பாத்திரச் சாக்கை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.