எஸ்தரின் பேஸ்மென்ற்

போன கிழமை மரக்கறிக் கடையில் கீரை பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் டில் இலைக் கட்டொன்றை எடுத்து ஈரம் போக உதறினாள். அவ்வளவுதான். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குத் தோள் வலிக்கத் தொடங்கிவிட்டது. நம்பமாட்டீர்கள். ஒரு காலத்தில் வியாழக்கிழமைகளில் மூட்டை மூட்டையாய் கரட் சீவிய தோள் இது.

தொண்ணூறுகளின் தொடக்கம். தையல் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்த என்னை முதலில் அனுப்பினார்கள். நாங்கள் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீடொன்றில் இருந்தோம். எங்கள் கட்டடத்தில் துப்புரவு செய்த போலந்துக்காரி, பாதர்ஸ்ற் தெருவில் ஒரு யூதக் கோயிலின் பேஸ்மென்றில் சமையலுக்குக் கை தேவையாம் என்றாள். பஸ் மாறிப் போய் இறங்கினால், படியடியில் ஏப்ரன் கட்டிய ஒரு கட்டை மனுசி நின்றா. எஸ்தர். பேசியதெல்லாம் இங்கிலீசுதான். ஆனால் என் காதில் அது இன்றைக்கும் எங்கட தமிழில்தான் கேட்கிறது.

"நீ வேலைக்கு வந்தனியோ, சாப்பிட வந்தனியோ? எதெண்டாலும் உள்ளுக்கு வா, குளிர் வருகுது."

அதுதான் அவர்களுடைய நேர்முகத் தேர்வு. அந்த இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எஸ்தரும் அவவின் சிநேகிதிகள் சிலரும். வெள்ளிக்கிழமை பொழுதுபடுவதற்குள் சூப்பும் ரொட்டியும் கோழியும் கட்டி, தனி அறைகளில் கிடந்த கிழவர்களுக்கும், ரஷ்யாவிலிருந்து வந்திறங்கி மெத்தையில்லாமல் தரையில் படுத்த குடும்பங்களுக்கும், மனம் பிசகி உறவுகள் கைவிட்ட சிலருக்கும் அனுப்புவார்கள். யாருக்காவது கட்டில் வேண்டுமென்றால் எஸ்தர் ரெலிபோனை எடுப்பா. பின்னேரத்துக்குள் கட்டில் வந்துவிடும். எப்படி என்று கேட்டால், "அவையளுக்கு நான் கதைக்கிறது பிடிக்காது. கெதியிலை குடுத்தா கெதியிலை ரெலிபோனை வைச்சிடுவன்" என்பா.

வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஒவ்வொரு வெள்ளி காலையும் டில் இலை மிதக்கும் கோழிச் சூப்பு அண்டாவுக்கு முன்னால் அகப்பையோடு நின்றேன். முருகன் பஸ் மாறி பாதர்ஸ்ற் வரைக்கும் வரமாட்டார் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். அவர்கள் சமயத்தில் இறைச்சிக் கத்தி வேறு, பால் கத்தி வேறு. நான் மாற்றி எடுத்தால் எஸ்தர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிடுவா. பிறகு சிரிப்பா.

எனக்குப் பல்லு நொந்து கன்னம் வீங்கியதும் அங்கேதான். எஸ்தர் என் கன்னத்தைப் பார்த்தா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டொக்ரரிடம் விட்டா. அவர் கோயில் நிர்வாகசபையில் இருந்த பல் வைத்தியர். எஸ்தர் அனுப்புகிற யாரிடமும் காசு வாங்கமாட்டார். "நொந்தால் கையைத் தூக்குங்கோ" என்று சொல்லிவிட்டு, பூப் பறிக்கிற மாதிரிப் பல்லைப் பிடுங்கினார். அப்படி மெத்தென்ற கையை நான் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம், "மனுசன் எண்டால் உப்பிடி இருக்கவேணும்" என்றுகூடச் சொன்னேன். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

அந்த மார்கழி, ஒரு வியாழக்கிழமை, டொக்ரரின் மனைவி மிரியம் பேஸ்மென்றுக்கு வந்தா. உதவி செய்ய வந்திருக்கிறா என்று நினைத்து எஸ்தர் உருளைக்கிழங்கு சீவும் கத்தியை நீட்டினா. மிரியம் வாங்கினா. கத்தி கீழே விழுந்தது. கோட்டுக் கைக்குள் அவவின் மணிக்கட்டு எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. எஸ்தர் அடுப்பை நிறுத்திவிட்டு, அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தா.

"எத்தினை வருசமா?"

மிரியம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "பிள்ளையள் பிறக்க முதலே."

அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் டொக்ரருக்குத் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் முறிந்த கைக்கு மாக்கட்டுப் போட்டு வந்த பிறகு, எஸ்தர் என்னைத்தான் பார்த்தா. "உன்ரை கட்டடத்திலை அவரைத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லைத்தானே?"

இப்படித்தான் மிரியம் எங்கள் வீட்டுக்கு வந்தா. கூடத்து சோபா அவவுக்கு. எங்கள் பாத்திரங்கள் அவர்கள் சமயத்துக்கு ஆகாததால், தனக்கென்று ஒரு புதுச் சட்டி, கடதாசிக் கோப்பைகள். அவித்த முட்டையும் தோடம்பழமும் தின்றே நாட்களைக் கடத்தினா. வெள்ளி பொழுதுபட்டால் அடுத்த நாள் பொழுதுபடும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். சனிக்கிழமை லிஃப்ற் பொத்தானைத் தொடமாட்டா. யாராவது வந்து அமத்தும்வரை பொறுமையாய் நிற்பா. "ஆர் உந்த வெள்ளைக்காரி? லிஃப்றுக்குப் பயமோ?" என்று கட்டடமே கேட்டது. வளர்ந்த மகன்மார் இருவரும் தகப்பனோடு நின்றுவிட்டார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தால் அவவால் முடிக்க முடியாது. பாதியில் எழுந்துபோய்ச் சட்டி கழுவுவா.

எங்கள் அடுத்த வீட்டில் வனிதா என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய புருசனும் கை நீட்டுகிறவன். நான் இரண்டு தரம் போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன். சிரித்த முகத்தோடு திறந்து, "ரீவிச் சத்தம் அக்கா" என்பான். ஒரு வெள்ளி மாலை மிரியம் மெழுகுதிரி ஏற்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றா. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உடைந்தது. பிறகு வனிதாவின் குரல். நான் கதவடிக்கு ஓடினேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"உது அவையின்ர குடும்ப விசயம். வீட்டுக்குள்ள தீர்ப்பினம்."

அவர் சொன்னது மிரியத்துக்கு விளங்கியிராது. ஆனால் அந்தத் தொனி விளங்கியிருக்கும். மெழுகுதிரி ஏற்றியபின் லைற் சுவிச்சைக்கூடத் தொடாத மனுசி, ரெலிபோனை எடுத்துப் பொலிசுக்கு அடித்தா. வைத்துவிட்டு எங்களிடம், "உயிரெண்டு வந்தால் தொடலாம்" என்றா.

பொலிஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. அடுத்த நாள் எங்கள் சனம் வரிசையாக வந்தது, எங்கள் வீட்டுக்கு. வனிதாவைப் பார்க்க ஒருவரும் போகவில்லை. "வெள்ளைக்காரியைக் கொண்டந்து வைச்சுத் தமிழ்க் குடும்பத்தைப் பிரிக்கிறியள்" என்றார் ஓர் அண்ணை. கடைசியில் வனிதாவே வந்தாள், உதடு வெடித்தபடி.

"அகதிக் கேஸ் அவரின்ரை பேரிலைதான் அக்கா கிடக்கு. அவரை உள்ளுக்குப் போட்டால் நான் எங்கை போறது?"

அவன் திரும்பி வந்தான். அவர்கள் ரெக்ஸ்டேல் பக்கம் குடிபோனார்கள். பிறகு அவளை நான் காணவேயில்லை.

அதே வாரம் பேஸ்மென்றுக்கும் ஆட்கள் வந்தார்கள். நிர்வாகசபை ஆட்கள் இருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, மிக மரியாதையாக. டொக்ரர் நல்ல மனுசனாம், அவர் பெயர் கெடுகிறதாம். வீட்டுக்குள் பேசித் தீர்க்கலாமாம். நான் கரட் சீவுவதை நிறுத்திவிட்டேன். என் புருசன் தமிழில் சொன்னதை இவர்கள் இங்கிலீசில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவளின்ரை கை முறிஞ்சதும் வீட்டுக்குள்ளதான்" என்றா எஸ்தர்.

மிரியத்தைச் சொந்த அக்காவிடம், வினிபெக்குக்கு பஸ் ஏற்றினோம். ஏறும்போது என்னைக் கட்டிப்பிடிக்க முயன்று, மாக்கட்டுக் கையால் என் தலையில் இடித்துவிட்டா. இருவரும் சிரித்தோம். நான் அவவை அன்றுதான் முதலும் கடைசியுமாகச் சிரித்துக் கண்டேன். அங்கே ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை கிடைத்தது என்று பிறகு எஸ்தர் சொன்னா.

பனி கரைய முன்னமே, பேஸ்மென்றில் தண்ணீர்க் குழாய் உடையப்போகிறது, திருத்தவேண்டும் என்று நிர்வாகசபையார் சாவியைக் கேட்டார்கள். எஸ்தர் கொடுத்தா. திருத்த ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நாள் தன் வீட்டு அடுப்பில் சமைத்துப் பார்த்தா. ஏலவில்லை. சூப்புக்காகக் காத்திருந்த கிழவர்களுக்குப் பெரிய நிறுவனமொன்றின் ரெலிபோன் இலக்கத்தைக் கொடுத்தார்கள். அதில் பாதிப் பேருக்குக் காது கேட்காது.

பல வருடம் கழித்து எஸ்தரின் இறுதிச் சடங்குக்குப் போனேன். சூப்பைப் பற்றிப் பேசினார்கள், கட்டில்களைப் பற்றிப் பேசினார்கள். மிரியத்தின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராய் மண்வெட்டியால் குழிக்குள் மண் அள்ளிப் போட்டார்கள். சாவியை வாங்கியவர்களும் போட்டார்கள். தலை நரைத்த டொக்ரரும் வரிசையில் நின்று, அதே மெத்தென்ற கையால் போட்டார்.

கோயிலையும் பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கண்ணாடிக் கொண்டோ அடுக்குமாடி ஒன்று நிற்கிறது. அண்டாக்கள் எங்கே போயினவோ தெரியாது. ஆனால் அவற்றுக்கு முந்தியே வேறொன்று போய்விட்டதென்று எனக்கு அந்த மயானத்தில்தான் தெரிந்தது. வன்கூவரில் இருந்து வந்திருந்த எஸ்தரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பாவம் அம்மா. அந்தக் குழாய் மட்டும் உடையாமல் இருந்திருந்தால், கடைசிவரைக்கும் சமைச்சிருப்பா."

அவளை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். "குழாய் ஒண்டும் உடையேல்லைப் பிள்ளை" என்று தொடங்கினேன்.