பத்தொன்பது கார்டுகள்

பஸ் டிப்போவின் உதிரிபாக ஸ்டோரில் அவருக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, கார்டு அக்கா என்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒவ்வொரு பாகத்துக்கும் தன் கையெழுத்தில் ஒரு கார்டு வைத்திருந்தார். ஒரு மாடல் பஸ்ஸைக் கழித்துக்கட்டினால், அதன் கார்டுகளை அன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்.

"இல்லாத வண்டிக்கு எதுக்குக் கார்டு? தேடறவன் கைக்குத் தடங்கல்."

ஆறு வருஷத்துக்கு முன் அவர் தொடையில் ஒரு கட்டி வந்தது. வலி கிடையாது. ரேக்கில் இடித்துக்கொண்டிருப்போம் என்று எட்டு மாதம் விட்டுவிட்டார். வெட்டியெடுத்துப் பார்த்ததில் புற்றுநோய், அதிலும் கோடியில் ஒருவருக்கு வருகிற வகை. தையல் பிரிக்கப் போன அன்று சர்ஜன் தலையணை போலிருந்த ஒரு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இதைப் பத்தி ரெண்டு பாராதாம்மா இருக்கு."

"எங்க ஸ்டோர்ல ஒரு கிளட்ச் பிளேட்டுக்கே நாலு பக்கம் இருக்கு சார்."

சர்ஜன் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக அக்காவும் சொல்லவில்லை.

இந்த நோய் வந்தவர்களுக்காக மகள் தொடங்கிக்கொடுத்த ஃபோன் குரூப்பில் முதல் வருஷம் மூன்றே பேர்: அக்கா, ஸ்கேன் வரிசையில் பழக்கமான ஒரு தச்சர், மகனுக்கு இந்த நோய் வந்து வேறொரு நாட்டில் தவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. ஐந்தாம் வருஷம் ஐம்பத்தெட்டு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு போட்டார் அக்கா. கட்டி முதலில் கைக்குத் தட்டுப்பட்ட நாள், இடம், சாப்பிட்ட மருந்து, ஒவ்வொரு ஸ்கேனிலும் அளவு, முதல் டாக்டர் சொன்னது. "சதைப்பிடிப்பு, வெந்நீர் ஒத்தடம் கொடுங்க" என்ற முதல் டாக்டர்கள் மட்டும் பதினான்கு பேர்.

வேறொரு புற்றுநோய்க்கான மாத்திரையைச் சாப்பிட்ட மூன்று பேருக்கு நுரையீரல் புள்ளிகள் சுருங்கியிருந்ததை முதலில் கவனித்தவர் அக்காதான். ஓர் ஆய்வு டாக்டரம்மா அதை நம்பினார். பன்னிரண்டு பேருக்கு முறைப்படி கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் ஆஸ்பத்திரிக் கமிட்டி சம்மதிக்க வேண்டும் என்றார். கமிட்டி கூடுவதற்கு ஏழு வாரம் இருந்தது. அதற்குள் அக்காவின் நுரையீரலிலேயே மூன்று புள்ளிகள் வந்து, ஸ்கேனுக்கு ஸ்கேன் பெருத்துக்கொண்டிருந்தன. தச்சருக்கு ஐந்து.

கார்டுப் பெட்டியோடு டாக்டரம்மாவின் அறைக்குப் போனோம். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முப்பத்தொன்பது.

"எல்லாரும் உயிரோட இருக்காங்களே. போனவங்க கார்டு எங்கம்மா?"

"அது பெட்டியில இருக்காதுங்க. வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

யாராவது இறந்தால் கார்டை எடுத்து, கைப்பட ஒரு கடிதம் எழுதி, உறையில் வைத்துத் தபாலில் சேர்ப்பது அக்காவின் வழக்கம். மற்றவர்கள் மனம் உடையக் கூடாதென்று குரூப்பிலிருந்தும் அந்த எண்ணை எடுத்துவிடுவார். அதை மரியாதை என்றே நினைத்திருந்தார்.

"இதை மட்டும் காட்டினா, இந்த நோய் யாரையும் கொல்லாதுன்னு ஆயிடும்மா. அப்புறம் என்ன அவசரம்னு கமிட்டி கேக்கும்."

அக்கா பெட்டியை மூடினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். "அவங்களை நானே ஸ்கிராப்ல போட்டுட்டேன், பாத்தியா?"

பத்தொன்பது வீடுகளுக்கும் எழுதினார், பேசினார். பதினான்கு கார்டுகள் வந்தன. நாலு வீட்டார் படமெடுத்து அனுப்பினார்கள். அந்த நாலில் ஒருவர், வேறொரு நாட்டிலிருந்த அந்த அம்மா; இறந்த மகனின் சட்டைப்பையிலிருந்து அதை வெளியே எடுக்க மாட்டேன் என்றவர், பையோடு சேர்த்துப் படமெடுத்திருந்தார். மீதி ஒன்று, குரூப்பிலிருந்த ஒரு சயின்ஸ் டீச்சருடையது. எந்த மருந்தும் எடுக்காமல் இரண்டு மாதத்துக்கொரு ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். நோயைத் தன்போக்கில் விட்டால் எப்படிப் போகும் என்பது அந்தக் கார்டில் மட்டுமே இருந்தது. அவர் கணவர் ஃபோனை எடுக்கவில்லை.

டீச்சரின் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்தவர் வாங்க என்று சொல்லவில்லை.

"செத்தவுடனே கழிச்சு விட்டீங்க. இப்ப ஆள் குறையுதுன்னு தேடி வர்றீங்களா?"

"ஆமா தம்பி."

"அவ போன நாலாம் நாள். அவ ஃபோன் இன்னும் சார்ஜ்ல கிடக்குது. சத்தம் கேட்டு ஓடிப்போய் எடுத்தா, 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள்'னு இருக்கு. யார் நீக்கினது?"

"நான்தான்."

"ஒரு மாசம் விட்டா உங்களுக்கு என்ன கேடு?"

நல்லதென்று நினைத்தே செய்தேன் என்று அக்கா சொல்லவில்லை. "தப்புத்தான். சாக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்று நின்றார். ஆபரேஷன் ஆன கால் தாங்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். டீச்சரின் கணவர் அதைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து போட்டார்.

"உக்காருங்க. விழுந்து வச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

வெகுநேரம் கழித்துக் கார்டை எடுத்து வந்தார். பின்பக்கம் முழுக்க வேறொரு கையெழுத்து. டீச்சருக்கு இருமல் தொடங்கிய நாள். இரண்டு படிக்கு ஒருதரம் நின்ற நாள். எந்த நாளிலிருந்து உட்கார்ந்தபடி தூங்கினார். கடைசி ஸ்கேனுக்குப் பிறகான பதினோரு வாரம், ஒருநாள் விடாமல்.

"நீங்க விட்ட இடத்துலேர்ந்து எழுதினேன். யாருக்குன்னு தெரியல." கார்டை உடனே நீட்டவில்லை. "அவ நம்பரை மறுபடி சேருங்க. அவ இல்லாம அவ கார்டு மட்டும் போகக் கூடாது."

அக்கா அங்கேயே சேர்த்தார். அலமாரியிலிருந்த டீச்சரின் ஃபோன் ஒலித்தது. அவர் அதை எடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கமிட்டி அறைக்குள் அக்காவையும் கூப்பிட்டார்கள். ஒருவர் டீச்சரின் கார்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுல பாதி டாக்டர் எழுதினதில்லையேம்மா?"

"ஆமாங்க சார். டாக்டர் கைவிரிச்சதுக்கப்புறம் நடந்ததுதான் அந்தப் பக்கம்."

பன்னிரண்டு பேருக்கும் அனுமதி கிடைத்தது. மாத்திரை வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. தச்சர் நான்காம் மாதமே போய்விட்டார். அவர் கார்டில் அந்தத் தேதியைக் குறித்து, அது இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினார் அக்கா. குரூப்பில் அவர் எண்ணும் அப்படியே இருக்கிறது.

எட்டு வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு வந்த அக்காவின் ஸ்கேனில் புள்ளிகள் வளரவில்லை. குறையவும் இல்லை. மேசையில் உட்கார்ந்தே அதைக் குரூப்பில் எழுதினார். முதல் பதில் டீச்சரின் எண்ணிலிருந்து வந்தது.

"வளரல, குறையலன்னா எப்படிக்கா? எத்தனை மில்லிமீட்டர்?"

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரிப்போர்ட்டை மறுபடி உறையிலிருந்து எடுத்தார்.