மகாராணியின் பெட்டிக்கு முன்னால் அக்கா

நான் வேலை செய்யும் உணவகத்தில் காலை வணக்கத்துக்கு மேல் என்னோடு பேசாத சமையல்காரர் மிஷேல், அன்று என் இரு கைகளையும் பிடித்து, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். ஊரில் யாருக்கோ என்னவோ என்று பதறி, "ஆருக்கு?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு பிரெஞ்சில் கேட்டேன். "உங்கள் ராணிக்கு" என்றார். இங்கிலாந்து மகாராணி முதல்நாள் காலமாகியிருந்தார். இலங்கை இன்னும் ஆங்கிலேயருடையது என்று நினைத்தாரோ, கிண்டலோ தெரியவில்லை. உற்றுப் பார்த்தேன். கண் கலங்கித்தான் இருந்தது. தங்கள் அரசனின் தலையை வெட்டிய நாட்டவரின் அந்தக் கலக்கத்தை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, இதே நகரத் தெருக்களில் போரை நிறுத்தச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நான் வேலைக்கு வந்தேன். "தடிமனா, சளி பிடித்ததா?" என்று கேட்டவர் இதே மிஷேல்தான். ஆமென்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

மாலையில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், மரக்கறிக் கடை அண்ணை ராணியின் படத்துக்கு மாலை போட்டுக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்.

"என்ன அண்ணை, உங்கடை சொந்தமோ?"

"லண்டன் சனம் சாமான் வாங்க வருதெல்லோ தம்பி. பாத்திட்டுப் போகட்டும்."

அந்தப் பதில் மட்டும் எனக்கு உண்மையாகப் பட்டது.

சில நாள் கழித்து, சார்செலில் இருக்கும் என் வீட்டுக்குப் போக ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது லண்டனிலிருந்து அக்கா போன் எடுத்தாள். இராப்பகலாக வரிசையில் நின்று ராணியின் சவப்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாளாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தான் போர் முடிந்த நாளில் சரணடைந்து, இராணுவத்தின் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். பிறகு தகவலே இல்லை. அவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வோம் என்று வந்தவர்களை அக்கா வாசலோடு அனுப்பியவள். இன்றும் குங்குமம் வைக்கிறாள்.

"எங்களை ஆண்டு, அப்பிடியே விட்டிட்டுப் போனவையளுக்கு அழவோ போனனீங்கள்?"

"ராணிக்கு ஆரடா அழுதது?" என்றாள். "பெட்டிக்குக் கிட்டப் போகேக்கை, உன்ரை அத்தான் உள்ளுக்கை கிடக்கிறார் எண்டு நினைச்சுக் கும்பிட்டன். பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரி என்னைக் கட்டிப்பிடிச்சு, ராணி எங்கள் எல்லாருக்கும் தாய் எண்டாள். நானும் ஓம் எண்டன்."

எனக்குப் பயம் வந்தது. "அப்ப, அத்தான் இனி இல்லையெண்டு..."

"நாளைக்கும் தேடுவன். ஒரு பெட்டியைக் கண்டன், அழுதிட்டன். அவ்வளவுதான்."

பிறகு அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ரயில் புறப்பட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் லண்டன் போகும் ரயில் சிறிது தூரம் எங்களோடு ஒட்டியே வந்தது. அதற்குள் ஒருவர் கோட்டைக் கழற்றி மாட்டுவது தெரிந்தது. அவருக்கு மேல் படிந்தாற்போல், என் பக்கத்து யன்னல் கண்ணாடியில், போனைக் காதில் வைத்திருந்த என் முகம். லண்டன் ரயில் வேகமெடுத்து முந்தியது. எங்கள் ரயில் சென் தெனி நிறுத்தத்தில் நின்றது.